தூத்துக்குடியிலிருந்து உவரி வரை, பழைய நண்பர்களோடு ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் ஒரே அறையில் கிடந்த நாலு பேர் நாங்கள். ஒருவன் தூத்துக்குடியில் உப்பளம் பார்க்கிறான். இன்னொருவன் உடன்குடிப் பக்கம் பள்ளி ஆசிரியர். மீதி இரண்டு பேர் சென்னையில். போன பிப்ரவரியில் சென்னைக்காரர்கள் இருவரும் அங்கே போய், நாலு பேருமாக ஒரு நாள் முழுக்கக் கடலோரமாகச் சுற்றினோம். திரும்பி வந்ததிலிருந்து தெரிந்தவர்கள் எல்லாரும் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் இங்கே ஒரேயடியாக எழுதி வைக்கிறேன்.

மொத்தம் எவ்வளவு தூரம்? ஒரு நாளில் முடியுமா?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அங்கிருந்து குலசேகரன்பட்டினம், மணப்பாடு, உவரி என்று தெற்கே இறங்கினால் இன்னொரு 40. போய்வர 160 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தூரம் காருக்கு ஒன்றுமே இல்லை. நாளைத் தின்பது நாம் நிற்கிற இடங்கள்தான்.

நாங்கள் எழுதி வைத்திருந்த பட்டியலில் பதினொரு இடம் இருந்தது. பார்த்தது ஆறு. உப்பளக்காரன் பட்டியலைப் பார்த்ததுமே, "எலே, இது ஊர் சுத்துற லிஸ்டா, தபால்காரன் லிஸ்டா?" என்று கேட்டான். அவன் சொன்னது சரிதான். இருபது வருஷம் கழித்துச் சந்திக்கிறவர்கள் ஒரு இடத்தில் உட்கார்ந்தால் அரை மணியில் எழுந்திருக்க மாட்டார்கள். அதையும் கணக்கில் சேர்த்துத் திட்டம் போடுங்கள். ஐந்து இடத்துக்கு மேல் வேண்டாம்.

எப்படிப் போனீர்கள்? பஸ்ஸில் போக முடியாதா?

சென்னையிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ். இரவு ஏறிப் படுத்தால் காலையில் தூத்துக்குடி. விமானம் என்றால் வாகைக்குளத்தில் இறங்க வேண்டும். ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிறது.

தூத்துக்குடி - திருச்செந்தூர் பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை. அதற்குத் தெற்கே போகப் போகத்தான் காத்திருக்க வேண்டி வரும். தனியாளாகச் சுற்றுகிறவருக்கு அது ஒரு சுகம். நாலு பேர் சேர்ந்து போகும்போது கார்தான் சரி. பாதிப் பேச்சு காருக்குள்தானே நடக்கிறது.

தூத்துக்குடியிலேயே பார்க்க ஒன்றுமில்லையா?

இருக்கிறது. ஆனால் பலர் அதை ரயில் மாறுகிற ஊர் மாதிரி கடந்து போய்விடுகிறார்கள். பனிமய மாதா கோவில் 1713இல் கட்டி முடித்தது. 1982இல் பசிலிக்கா ஆனது. ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5 வரை திருவிழா. அந்தப் பதினோரு நாளும் ஊரே வேறு மாதிரி இருக்கும் என்பான் நண்பன்.

பழைய துறைமுகப் பக்கம் போய் நின்றால் மரத்தோணிகள் தெரியும். இன்னும் மாலத்தீவுக்கு அரிசி, வெங்காயம், கட்டுமானச் சாமான் என்று ஏற்றிப் போகின்றன. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்டது இந்த ஊரிலிருந்துதான். பள்ளிப் புத்தகத்தில் படித்த விஷயம்தான். ஆனாலும் அந்தக் கரையில் நின்று, வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராக ஒரு வக்கீல் கப்பல் வாங்கப் போனதை நினைத்தால், என்ன துணிச்சலடா என்று தோன்றுகிறது.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

உப்பளம் பார்க்க வேண்டும் என்றால் ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். இதில் நான் கண்டிப்பு. எட்டு மணிக்கு மேல் போனால் வெள்ளை உப்பில் பட்ட வெயில் கண்ணைக் குத்தும். உப்பு வாருகிறவர்களும் அதற்குள் பாதி வேலையை முடித்துவிடுவார்கள்.

குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டில் அதிகம் உப்பு விளைவது தூத்துக்குடியில். ஊரை விட்டுத் தெற்கே திரும்பியதும் சாலையின் இரண்டு பக்கமும் பாத்திகள்தான். பாத்தியில் தண்ணீரைக் கட்டி, வெயிலில் வற்றவிட்டு, படிகிற உப்பை வாரி வரப்பில் குவிக்கிறார்கள். பெரிய குவியலை அம்பாரம் என்பார்கள். நாங்கள் போன சமயம் சீசன் அப்போதுதான் தொடங்கியிருந்தது. சித்திரை, வைகாசியில்தான் விளைச்சல் உச்சம். மழை வந்தால் எல்லாம் கரைந்து போகும்.

நண்பனின் அப்பா காலத்திலிருந்து வேலை பார்க்கும் ஒரு அம்மா, எங்களைப் பார்த்து, "சார் கூடப் படிச்சவுகளா? அப்ப நீங்களும் கருத்துத்தான் இருக்கணும்" என்றார். நாங்கள் சென்னை ஏசியில் வெளுத்திருந்தோம். ஒரு வரப்பு தாண்டுவதற்குள் என் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. ஷூ போட்டுப் போகாதீர்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். உப்பளங்கள் தனியார் இடம். தெரிந்தவர் இல்லாமல் உள்ளே இறங்கி, வேலை செய்கிறவர்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். சாலையோரமாக நின்று பார்க்கலாம், தப்பில்லை.

திருச்செந்தூர் போகும் வழியில் எங்கே நிற்கலாம்?

முக்காணிப் பாலம். கீழே தாமிரபரணி. பொதிகையில் பிறந்த ஆறு இதோ இன்னும் சில கிலோமீட்டரில் புன்னைக்காயலில் கடலோடு சேரப்போகிறது. ஒரு ஐந்து நிமிஷம் காரை ஓரங்கட்டுங்கள். பக்கத்தில் ஆத்தூர். புவிசார் குறியீடு வாங்கிய ஆத்தூர் வெற்றிலை இங்கேதான். கொடிக்கால்கள் சாலையிலிருந்தே தெரியும்.

புன்னைக்காயலுக்கு உள்ளே போக நேரம் இருந்தால் போங்கள். நாங்கள் போகவில்லை, இன்னும் மனசில் குறையாக இருக்கிறது. அன்றிக் அடிகளார் என்று நம்மவர்கள் அழைத்த போர்த்துக்கீசியப் பாதிரியார் பல காலம் இருந்த ஊர் அது. அவர் தமிழில் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் அது.

கொற்கையும் இந்தப் பக்கம்தான். பாண்டியரின் முத்துத் துறைமுகம் என்று ஆசையாகப் போனால் வயலும் வாழையும்தான் இருக்கும். ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணில் கடல் பல கிலோமீட்டர் விலகிவிட்டது. இது தெரிந்து போனால் ஏமாற்றம் இல்லை. எங்கள் ஆசிரிய நண்பன் வருஷா வருஷம் பையன்களைக் கூட்டிப் போவானாம். "கடல் எங்க சார்?" என்பதுதான் முதல் கேள்வி.

அப்புறம் காயல்பட்டினம். அங்கே யாராவது நண்பர் இருந்து வீட்டுக்குக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். களறிச் சாப்பாடு என்கிற கல்யாண விருந்து கிடைக்கிற அதிர்ஷ்டம் இருந்தால் இந்தப் பட்டியலையே கிழித்துப் போடலாம்.

திருச்செந்தூரில் கூட்டம் எப்படி? எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

சாதாரண வார நாளில் காலையில் போனால் இரண்டு மணி நேரம். செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, சஷ்டி, பௌர்ணமி, விடுமுறை நாள் என்றால் நேரம் சொல்ல முடியாது. ஐப்பசியில் சூரசம்ஹாரத்தின்போது சுற்றிப் பார்க்கிற நினைப்பில் போகவே வேண்டாம். சம்ஹாரம் பார்க்கவே போகிறவர் கதை வேறு.

அறுபடை வீடுகளில் கடற்கரையில் இருப்பது இது ஒன்றுதான். சுவாமி கிழக்கே கடலைப் பார்த்து நிற்க, ஒன்பது நிலை ராஜகோபுரமோ மேற்கே இருக்கிறது. 137 அடி. முதல் தடவை போகிறவர்கள் கோபுரத்தைப் பார்த்ததும் அதுதான் வாசல் என்று நடப்பார்கள். விசேஷ நாள் தவிர அந்த வாசல் திறப்பதில்லை.

நாழிக்கிணறு பார்க்காமல் வராதீர்கள். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்காது. பன்னீர் இலை விபூதியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் உற்சவரைக் கப்பலில் தூக்கிப் போனதும், புயலில் கடலில் போட்டதும், வடமலையப்ப பிள்ளை மீட்டு வந்ததும் கோவில் வாசலில் யாரைக் கேட்டாலும் நேற்று நடந்தது போலச் சொல்வார்கள்.

கோவிலுக்குப் போகிற நாளில் மீன் சாப்பிடலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே இல்லை. எங்கள் நாலு பேருக்குள்ளேயே மூன்று கொள்கை. ஒருவன் அன்று முழுக்கச் சைவம். இருவர், தரிசனம் முடிந்தால் மீன் சாப்பிடலாம் என்ற கட்சி. இன்னொருவனுக்கு எதுவுமே பிரச்சினை இல்லை. அதனால் கோவிலைக் காலையில் வைத்துக்கொண்டோம். காலையில் இட்லி, மதியம் மீன். சைவக்காரனுக்கு ஆசிரியன் மனைவி, எங்களுக்கு மைனி, தனியாக அவியலும் சாம்பாரும் வைத்துவிட்டார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு நல்ல ஓட்டல் சொல்லுங்களேன்.

சொல்ல மாட்டேன். அந்தப் பக்கம் நண்பன் வீடு இருக்கும்போது ஓட்டலில் சாப்பிட்டால் அது பல வருஷத்துக்குச் சொல்லிக்காட்டப்படும். நாங்கள் ஆசிரியன் வீட்டில் சாப்பிட்டோம். விளமீன் குழம்பு, சாளை வறுவல், முருங்கைக்கீரைத் துவட்டல். சாப்பாட்டுக்கு அப்புறம் திண்ணையில் பாய் போட்டுப் படுத்தோம். பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை வரை அங்கேயே. அந்த நேரத்தில் வெளியே பார்க்கவும் ஒன்றுமில்லை, வெயில்தான்.

உண்மையைச் சொன்னால் அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் சென்னையிலிருந்து ரயில் ஏறினோம். யாருக்கு சுகர், யார் வீட்டில் கல்யாணம், யார் யாரோடு பேசுவதில்லை, அந்தக் காலத்தில் ஹாஸ்டல் மெஸ்ஸில் காணாமல் போன நெய்ச் சட்டியை எடுத்தது யார், எல்லாம் அங்கே வெளியே வந்தது. (எடுத்தது சைவக்காரன். இருபத்து நாலு வருஷம் மூச்சே விடவில்லை.)

ஒரு எச்சரிக்கை: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் வரும், விலை ஏறியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையின் கத்தோலிக்கக் கடலோர ஊர்களில் பொதுவாகக் கடலுக்குப் போகமாட்டார்கள். மீனுக்காகவே போகிறவர்கள் நாளைப் பார்த்துப் போங்கள்.

ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் எது?

மணப்பாடு. யோசிக்கவே வேண்டாம்.

இந்தக் கரை முழுக்கத் தட்டையான மணல். திடீரென்று மணப்பாட்டில் ஒரு மணல்மேடு கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு எழும்பி நிற்கிறது. அதன் தலையில் திருச்சிலுவைக் கோவில். 16ஆம் நூற்றாண்டில் புயலில் சிக்கித் தப்பித்த போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்றின் தலைவர், முறிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து இங்கே நட்டார் என்பது ஊரார் சொல்லும் வரலாறு. கோவில் 1581இல் எழும்பியது. 1542இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை கீழே கடலைப் பார்த்தபடி இருக்கிறது. உள்ளே நல்ல தண்ணீர்க் கிணறு. நாழிக்கிணற்றைக் காலையில் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு இது சும்மா கிணறாகத் தெரியாது. ஒரே கரையில், ஒரே உப்புக் காற்றில், முருகனுக்கு ஒன்று, சவேரியாருக்கு ஒன்று.

நாலரை மணிக்கு மேலே ஏறினோம். ஒரு பக்கம் திறந்த கடல், அலை சீறுகிறது. இன்னொரு பக்கம் கருமேனியாறு கடலைத் தொடுகிற கழிமுகம், அங்கே தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. நடுவே ஊர், பழைய மாடி வீடுகள், கரையில் வரிசையாகப் படகுகள். யாரும் பேசவில்லை. காலையிலிருந்து வாய் ஓயாமல் பேசிய உப்பளக்காரனே கால் மணி நேரம் சும்மா இருந்தான். அப்புறம் அவனே, "ரெண்டாம் வருஷம் இங்க வரணும்னு பிளான் போட்டோம், ஞாபகம் இருக்கா? காசு இல்லன்னு விட்டுட்டோம்" என்றான். எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. இருப்பதாகச் சொல்லி வைத்தேன்.

செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருநாள். அதை ஒட்டிய நாட்களில் கூட்டம் நெரியும். கழிமுகப் பக்கம் அலைச்சறுக்கு விளையாடுகிறவர்களும் வருகிறார்கள். ஊருக்குள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைந்து விற்கும் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் வாங்குங்கள்.

சூரிய அஸ்தமனம் கடலில் தெரியுமா?

இது கிழக்குக் கரை. சூரியன் கடலில் எழும், பனங்காட்டில் இறங்கும். பனைகளுக்கு நடுவே அது இறங்குவதும் அழகுதான். குறை சொல்லாதீர்கள்.

குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளம் பார்க்கலாமா?

நாங்கள் போனபோது வேலி, மண், லாரி இவ்வளவுதான். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள். ஏன் இங்கே என்பதற்கு ஆசிரியன் காரிலேயே பாடம் எடுத்தான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கைக்கு மேலே போகக்கூடாது, சுற்றி வளைக்க வேண்டும், அதில் எரிபொருள் வீண். இங்கிருந்து தெற்கே நேராகக் கடல்தான். சிறிய ராக்கெட்டுகளுக்கு அந்த மிச்சம் பெரிய விஷயம்.

ஊருக்குள் முத்தாரம்மன் கோவில் பாருங்கள். புரட்டாசி தசராவுக்கு மாலை போட்டு, காளி, குறவன், போலீஸ், ராஜா என்று வேஷம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிக்கொண்டு வருவார்கள். மைசூர் தசராவுக்கு அடுத்து இதுதான் என்பது இந்தப் பக்கத்துப் பெருமை. அந்தச் சமயம் சுற்றிப் பார்க்கப் போனால் காரை எங்கோ விட்டுவிட்டு நடக்க வேண்டியதுதான்.

உவரி வரை போகத்தான் வேண்டுமா?

வெளிச்சம் இருந்தால் போங்கள். இது திருநெல்வேலி மாவட்டம். சுயம்புலிங்கசாமி கோவிலில், நேர்ந்துகொண்டவர்கள் கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் சுமந்து வந்து கொட்டுவதைப் பார்க்கலாம். அந்தோணியார் கோவிலும் பக்கத்திலேயே. கப்பல் வடிவில் கட்டிய மாதா கோவிலின் உச்சியில் விமானம் இருக்கும், குழந்தைகளுக்குப் பிடிக்கும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அலைச் சத்தம் கேட்டோம், சுண்டல் வாங்கினோம், திரும்பினோம்.

கடலில் குளிக்கலாமா?

திருச்செந்தூரில் எல்லாரும் இறங்குகிற இடத்தில், எல்லாரும் இறங்கும் நேரத்தில், முழங்கால் அளவில். அங்கே பாறை உண்டு. சில ஆண்டுகளாகக் கடலரிப்பும் அதிகம், படி மாதிரி மண் அரித்து நிற்கிறது. வேறு இடங்களில் உள்ளூர் மீனவரைக் கேட்காமல் இறங்காதீர்கள். சொறி முட்டை என்று அவர்கள் சொல்கிற ஜெல்லி மீன் ஒதுங்குகிற நாட்களும் உண்டு. பட்டால் எரியும்.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி, பிப்ரவரி. பதநீரும் நுங்கும் வேண்டுமென்றால் பங்குனி, சித்திரை, வெயிலைத் தாங்க வேண்டும். ஆடியில் கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை வானிலையைப் பார்த்துவிட்டே டிக்கெட் போடுங்கள். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய சென்னை ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, சுமார் 800 பேர் தண்ணீருக்கு நடுவே சிக்கினார்கள். எங்கள் உப்பளக்காரன் அந்த நாட்களில் மொட்டை மாடியில்தான் இருந்தான். வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இருக்கிறது. வெள்ளையடிக்காமல் விட்டிருக்கிறான். கேட்டால், "இருக்கட்டும்" என்கிறான்.

என்ன வாங்கி வரலாம்? நண்பர் வீட்டுக்கு என்ன கொண்டு போவது?

வாங்கி வர: தூத்துக்குடி மக்ரூன். முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு. ரயிலில் மேலே வைத்தால் நொறுங்கும், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். உடன்குடி கருப்பட்டி, இதற்கும் புவிசார் குறியீடு உண்டு. சர்க்கரை கலக்காததை வாங்க உள்ளூர் ஆள் துணை வேண்டும். சாத்தான்குளம் பக்கம் போனால் முதலூர் மஸ்கோத் அல்வா, தேங்காய்ப்பால் வாசத்தோடு.

கொண்டு போக: எதைக் கொண்டு போனாலும், "இதெல்லாம் எதுக்கு?" என்பார்கள். நான் பழைய ஹாஸ்டல் போட்டோ ஒன்றைப் பெரிதாக்கிக் கொண்டு போனேன். மைனிகள் இருவரும் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் என்னை இனிமேல் கூப்பிடுவார்களா என்பது சந்தேகம்.

வயதானவர்களை, குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. மணப்பாட்டு மேட்டில் மட்டும் வயதானவர்களை மெதுவாக ஏற்றுங்கள். மதியம் வெயிலில் யாரையும் இழுக்காதீர்கள்.

அப்படியே கன்னியாகுமரி வரை போய்விடலாமே?

போகலாம். உவரியிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். சென்னைக்காரர் இருவருக்கும் ஆசைதான். ஆனால் உப்பளக்காரன் தூத்துக்குடியில் பரோட்டாக் கடை அண்ணாச்சியிடம் நாலு பேருக்குப் பொரிச்ச பரோட்டா சொல்லி வைத்திருந்தான். காரைத் திருப்பிவிட்டோம்.